கிழக்குப் பக்கத்து மண்

செங்கல் கிராமம்,
13 மே 2025, செவ்வாய், பகல் 1.15

சஜு,

எழுதுவது ரத்னபாய், காலையில் நீ வேலைக்கு இறங்கியபின் இடிந்த இந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரி. நீ கத்துவது மேலே வெறும் சத்தமாகத்தான் வருகிறது, சொல்லாக வரவில்லை. தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நிறுத்த முடியாது. நிறுத்தினால் தண்ணீர் உன் கழுத்துக்கு வரும் என்று தீயணைப்பு ஆபீசர் சொல்கிறார். ஆகவே கத்தாதே. மூச்சும் வீண், மண்ணும் உதிரும். உன் கூட்டாளி அனூஜ் ஒரு செல்போனைப் பாட்டிலில் போட்டு இறக்கினான். அது நனைந்து செத்துத் திரும்பி வந்தது. அதனால்தான் காகிதம்.

நீ தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவன், மலையாளம் பேசுவாய், வாசிக்க மாட்டாய் என்று அனூஜ் சொன்னான். அவன் படித்தது மலையாளம். ஆபீசரும் அவருடைய ஆட்களும் அப்படியே. என் வீட்டு வளவில் இப்போது நிற்கும் முப்பது பேரில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். தமிழில் ஒரு வரி எழுத அவர்களில் ஒருவர் இல்லை. நாகர்கோவிலில் கன்னியாஸ்திரீகளிடம் படித்த நான் ஒருத்திதான். ஆபீசர் சொல்வதை நான் எழுதி இறக்குவேன். நீ எழுதுவதை அவருக்கு மலையாளத்தில் வாசித்துச் சொல்வேன்.

பாட்டிலுக்குள் பென்சிலும் டார்ச்சும் இருக்கின்றன. கிணற்றின் சிமெண்டு உறைகள் எப்படி நிற்கின்றன, தண்ணீர் எதுவரை, கை கால் அசைகிறதா, காற்றுக் குழாய் எட்டுகிறதா என்று எழுது. சுருக்கமாக எழுது. அழாதே.

ரத்னபாய்


கிணற்றுக்குள்ளிருந்து
(மேலே வந்தது 1.50. ர.)

அம்மா,

அழ ஒண்ணும் இல்ல. ரெண்டு உறை சாஞ்சு ஒண்ணுக்கொண்ணு முட்டி எனக்க தலைக்கு மேல ஆறடியில நிக்குது. அது நிக்கியதுனால ஆக்கும் நான் நிக்கியது. தண்ணி இடுப்பு வர. வலது கால் ஒடைஞ்ச உறைக்க அடியில மாட்டிக்கிட்டு. வலி உண்டு, விரல் அசையுது. காத்துக் குழாய் எட்டுது.

அனூஜுகிட்ட சொல்லுங்க, கயிற ஒருத்தனும் இழுக்கக்கூடாது. எலே கயிறத் தொடாதன்னு நாலு கெட்ட வார்த்தை சேத்துச் சொல்லணும், அப்பத்தான் அவனுக்கு ஏறும். நீங்க சொல்லமாட்டீங்க. ஆபீசரச் சொல்லச் சொல்லுங்க.

ஜெஸ்னாவுக்கு போன் போடாண்டாம். அவ வந்தா கூப்பாடு போடுவா.

சஜு


13 மே, பகல் 2.30

சஜு,

உன் மனைவி வந்துவிட்டாள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கூப்பாடு போடவில்லை. கிணற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

ஆபீசர் சொல்வது இது. மேலிருந்து உறைகளை எடுத்தால் மொத்தமும் உன் மேல் விழும். ஆகவே கிணற்றின் பக்கத்தில் வேறொரு குழி வெட்டி, உன் மட்டத்துக்கு இறங்கி, பக்கவாட்டில் துளைத்து உன்னை எடுப்பார்கள். நீ நிற்பது முப்பத்தெட்டு அடியில். முதல் இருபது அடியாவது ஜேசிபி வெட்டினால்தான் நேரத்துக்கு முடியும். ஜேசிபி கேட் வழியாக வந்து நிற்கக்கூடியது கிழக்கே, கார் ஷெட் இருக்கும் இடத்தில்தான். மேற்கே சமையலறைச் சுவர் ஏழடியில் நிற்கிறது. மற்ற இரண்டு பக்கமும் அடுத்த வீட்டு மதில்.

கிழக்குப் பக்கத்து மண் உறுதியா என்று ஆபீசர் கேட்கிறார். கிணறு வெட்டுகிறவன் சொல்வதைத்தான் நம்புவேன் என்கிறார். உடனே எழுது.

ரத்னபாய்


கிணற்றுக்குள்ளிருந்து
(மேலே வந்தது 3.20. ர.)

அம்மா,

இத ஆபீசருக்கு சரியா வாசிச்சுச் சொல்லுங்க. விழுந்தது கிழக்கேருந்து ஆக்கும். அந்த மண்ணு எனக்க கையில இருக்கு. மத்த மூணு பக்கமும் வெட்டுக்கல்லு, அதுக்கு கீழ வெள்ளச் சேடி, களிமண்ணு மாதிரி. கிழக்கேருந்து வந்தது அது ரெண்டும் இல்ல. கறுப்பு, எளக்கமா இருக்கு. ஒடைஞ்ச ஓடு உண்டு, கரி உண்டு. மனுசன் கொட்டின மண்ணு இது. பத்தொம்பது வருசமா கிணத்துக்குள்ள கெடக்கியேன், எனக்குத் தெரியும்.

காலைல இறங்கதுக்கு முன்ன ஒங்ககிட்ட கேட்டேன். எல்லா வீட்டுலயும் கேக்குறதுதான். பக்கத்துல பழைய கிணறு, குழி வல்லதும் மூடினது உண்டாம்மான்னு. நீங்க இல்லன்னு சொன்னீங்க. ரிஜிஸ்தர் ஆபீசுல இருந்தவங்க, ரத்னபாய் அம்மா சொன்னா பத்திரத்துக்கு சமம்னு பாறசாலை வர சொல்லுவாங்க. நான் இறங்கினேன்.

இன்னொரு தடவ பைய யோசிச்சுச் சொல்லுங்க. குப்பை கொட்டின சின்னக் குழின்னா பயமில்ல, கிழக்கேயே வெட்டலாம். கிணறு மூடினதுன்னா அங்க மிஷினு நிக்கவே கூடாது. அதுக்க கனத்துல மொத்தமும் சறுக்கி எனக்க மேல வரும்.

சஜு


13 மே, மாலை 4.10

சஜு,

உன் கடிதம் கிடைத்தது. ஆபீசருக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

ஷெட் கட்டியபோது தரையை உயர்த்த என் கணவர் பழைய ஓடுகளையும் அடுப்புக் கரியையும் கொட்டினார். நீ பார்த்தது அதுவாக இருக்கும். இருட்டில், வலியோடு இருக்கிறாய். மண்ணைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தால் மனம் தளர்ந்துவிடும்.

ஜேசிபி வந்துவிட்டது. கிழக்கே தொடங்கிவிட்டார்கள். குளுக்கோஸ் தண்ணீர் அனுப்பியிருக்கிறேன். ஒரே மூச்சில் குடிக்காதே, வாந்தி வரும்.

ரத்னபாய்


கிணற்றுக்குள்ளிருந்து
(மேலே வந்தது 5.30. ர.)

அம்மா,

மிஷினு ஒவ்வொரு தடவ குத்தும்போதும் இஞ்ச மண்ணு வருது. முதல்ல கைப்பிடி அளவு வந்தது. இப்ப சட்டி அளவு. மேல நிக்கிய உறை ஒரு விரக்கட கீழ இறங்கியிருக்கு, நான் குறி போட்டு வச்சுப் பாத்தேன். தண்ணி நெஞ்சுக்கு வந்தாச்சு. குழாயில மண்ணு அடைச்சிருக்கும், மோட்டார் இழுக்கல்ல.

எனக்கு ஒண்ணும் புரியல்ல. சின்னக் குழியில இவ்வளவு மண்ணு கெடக்காது. ஆனா ஒங்களுக்குப் பொய் சொல்ல என்ன காரியம் இருக்கு? அப்ப எனக்க கணக்குதான் தப்பு.

ஜெஸ்னாவுக்கு இத மட்டும் சொல்லிருங்க. பிள்ளைக்க யூனிபார்ம் தைக்கக் குடுத்தது உதியன்குளங்கரையில, பஸ் ஸ்டாப்புக்கு எதுத்த கடை. சீட்டு எனக்க சட்டைப்பையில நனைஞ்சு போச்சு. கடைக்காரனுக்கு எனக்க முகம் தெரியும், பேரு சொன்னாப் போதும். அவள ஒரு தடவ நான் தப்பாப் பேசினேன், எனக்க அம்மைக்க முன்னால வச்சு. எதுன்னு அவளுக்குத் தெரியும். அது எனக்க தப்பு.

நான் செத்த பெறவு வாசிச்சாப் போதும். இப்ப வாசிக்காண்டாம்.

சஜு


13 மே, மாலை 6.05

சஜு,

இயந்திரம் நின்றுவிட்டது. நான்தான் நிறுத்தினேன். இதை எழுதும் முன் ஆபீசரிடம் மலையாளத்தில் சொல்லிவிட்டேன். அனூஜும் உன் மனைவியும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இனி உன்னிடம் சொல்ல வேண்டும்.

அது கிணறுதான். ஷெட்டுக்கு அடியில், இப்போதைய கிணற்றிலிருந்து பன்னிரண்டு அடியில். 1987-இல் என் கணவர் சதாசிவன் அதை மூடினார். நெடுமங்காட்டிலிருந்து ஆள் கொண்டுவந்து மூடி, அவர்களைக் கொண்டே நீ நிற்கும் கிணற்றை வெட்டினார். அப்போது அயலில் இருந்தவர்கள் விற்றுப் போய்விட்டார்கள், அல்லது செத்துவிட்டார்கள். அவரும் இன்று இல்லை. தெரிந்தவள் நான் ஒருத்தி.

உன் மூன்றேகால் மணிக் கடிதத்தில் மண்ணைப் பற்றி எழுதிய எதையும் ஆபீசருக்கு நான் வாசிக்கவில்லை. "பயமில்லை, கிழக்கே வெட்டலாம் என்கிறான்" என்றேன். அந்தச் சொற்கள் உன் கடிதத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் இருந்ததையும் பின்னால் இருந்ததையும் விட்டுவிட்டேன். முப்பத்தொரு வருஷம் நெய்யாற்றின்கரையில் பத்திரம் வாசித்தவள் நான். ஒரு வரியை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். ஷீனா. தண்ணீர் கோரும்போது கால் வழுக்கி அந்தப் பழைய கிணற்றில் விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னோம். காலம் போனபின், இப்போதைய கிணற்றில்தான் விழுந்தாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அதைத் திருத்தினால் மற்றதையும் திருத்த வேண்டும்.

அவள் வழுக்கவில்லை. எஸ்எஸ்எல்சி ரிசல்ட் வந்த அன்று கணக்கில் தோற்றிருந்தாள். இந்த முகத்தோடு என் முன்னால் வராதே என்றேன். அவள் வரவில்லை.

காலையில் நீ கேட்டபோது என் வாய் தானாக இல்லை என்றது. முப்பத்தெட்டு வருஷமாக அதற்கு வேறு பதில் தெரியாது. மூன்றேகால் மணிக்கு அந்தச் சாக்கும் இல்லை. தெரிந்தே செய்தேன்.

இனி மேற்கே வெட்டுவார்கள். சமையலறையையும் அதை ஒட்டிய அறையையும் இடித்தால் இயந்திரம் வரும். ஆபீசர் தயங்கினார். சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மோட்டார்க் குழாயையும் மாற்றுகிறார்கள்.

ஜெஸ்னாவுக்கு நீ எழுதியதை வாசித்துக் காட்ட மாட்டேன். அதை நீயே மேலே வந்து சொல். இதற்குப் பதில் எழுது. திட்டியாவது எழுது.

ரத்னபாய்


14 மே, புதன், காலை 6.30

சஜு,

நேற்று மாலைக்குப் பிறகு மூன்று பாட்டில் இறக்கினேன். மூன்றும் மூடி திறக்காமல் மேலே வந்தன. அனூஜ் கயிற்றை மெல்ல அசைத்தால் நீ இரண்டு தடவை அசைக்கிறாய் என்கிறான். நீ இருக்கிறாய் என்பது அதனால் தெரிகிறது. இது நான்காவது. என் மேல் உள்ள கோபத்தில் குளுக்கோஸை வேண்டாம் என்னாதே. அது நான் கரைத்தது இல்லை, தீயணைப்புக்காரர்கள் கரைத்தது.

மேற்கே இருபத்திரண்டு அடி ஆகிவிட்டது. இதற்குமேல் இயந்திரத்தின் அதிர்ச்சி உன் உறைகளுக்கு ஆகாது என்று ஆபீசர் கையால் வெட்டச் சொல்லிவிட்டார். பொழியூர்க் கடற்கரையிலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருக்கிறார்கள். யாரும் கூப்பிடவில்லை, டிவியில் பார்த்து வேன் பிடித்து வந்தார்கள். தலைவன் நார்பர்ட் என்று ஒருவன். வாய் கொஞ்சம் அதிகம். அனூஜ் வெட்டுவதைப் பார்த்து, "எலே, நீ கிணத்துக்காரனா சோத்துக்காரனா? மண்வெட்டிய பிடிக்கியதப் பாத்தா பானையில கஞ்சி கிண்டியது மாதிரி இருக்கு" என்றான். அனூஜ், "நீரு வலையக் கொண்டு வந்தீரா அண்ணே, மண்ண அரிச்சு எடுக்க?" என்றான். அவர்கள் வந்தது முதல் இப்படியே போகிறது. ஆனால் இருவரும் ஒரு நிமிஷம் நிற்கவில்லை.

என்னையும் அவன் விடவில்லை. "அம்மச்சி, நேத்துலேருந்து நிக்குதீங்களாமே. ஒக்காருங்க, இல்லன்னா ஒங்களையும் தூக்க ஒரு ஆளு போவணும்" என்றான். அவனுக்கு நான் செய்தது தெரியும், இங்கே எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அவன் ஒருவன் மட்டும் என்னோடு பேசுகிறான்.

தெற்கே மேகம் கட்டியிருக்கிறது. குழிக்கு மேல் தார்ப்பாய் கட்டுகிறார்கள். நேரத்தை இழக்க முடியாது. பதில் எழுது.

ரத்னபாய்


கிணற்றுக்குள்ளிருந்து
(மேலே வந்தது காலை 9.40. ர.)

ஒங்களுக்கு இல்ல இந்தக் கடிதம். மேற்கே வெட்டுதவனுக்கு.

அண்ணே, நீங்க வெட்டியது கேக்குது. ஒருத்தன் ஒரே தாளத்துல வெட்டுதான், அது நீங்கன்னா நீங்க. கீழ வரும்போது பாறை ஒண்ணு தட்டும். கிணத்துக்குள்ளேருந்து அதுக்க நுனி எனக்குத் தெரியும், முப்பதடி மட்டத்துல. அத ஒடைக்க நிக்காண்டாம். ஒடைச்சா அதிரும். வடக்கே ரெண்டடி ஒதுங்கி இறங்கணும். அதுக்குக் கீழ சேடி, சோப்பு மாதிரி முறியும், பலகை வச்சு முட்டுக் குடுத்துகிட்டே வாங்க.

ரத்னபாய் அம்மா, இத முழுசா வாசிங்க. ஒரு வரி விடாண்டாம்.

நேத்து நீங்க எழுதினத வாசிச்ச பெறவு டார்ச்ச அணைச்சிட்டு நின்னேன். எனக்க பிள்ளைக்கு ஒம்பது வயசு. அவளுக்கும் கணக்கு வராது.


14 மே, பகல் 11.00

சஜு,

முழுதும் வாசித்தேன். என் வாசிப்பை இனி நீ நம்ப வேண்டியதில்லை. பாறசாலையிலிருந்து விஜயம்மா என்பவரை வரவழைத்திருக்கிறேன். மார்த்தாண்டத்தில் நர்ஸாக இருந்தவர், தமிழ் நன்றாக வாசிப்பார். நான் வாசித்து முடித்ததும் அதே காகிதத்தை அவர் ஆபீசருக்கு ஒரு தடவை வாசிக்கிறார். நான் இறக்குவதையும் அவர் பார்த்தபின்தான் மூடி போடுகிறோம். உன் வரிகளை நார்பர்ட் இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். வடக்கே ஒதுங்குகிறார்கள்.

விஜயம்மாவே எழுதட்டுமா? உனக்கு அது விருப்பமானால் ஒரு கோடு போட்டு அனுப்பு. நான் விலகிக்கொள்கிறேன்.

ரத்னபாய்


கிணற்றுக்குள்ளிருந்து
(மேலே வந்தது பகல் 1.15. ர.)

நீங்களே எழுதுங்க. எழுத்து வடிவா இருக்கு, கொஞ்ச வெளிச்சத்துல வாசிக்க முடியுது.

ஒறக்கம் வருது. கால் இப்ப வலிக்கல்ல, அதாக்கும் பயம். தண்ணி குளுருது. கண்ண மூடினா கை குழாய விடுது, ரெண்டு தடவ விட்டாச்சு. வல்லதும் எழுதுங்க. எதானாலும் செரி.


14 மே, பகல் 1.30

சஜு,

கண்ணை மூடக்கூடாது. நான் உனக்கு ஒரு வேலை தருகிறேன். இதுவரை நீ இறங்கிய கிணறுகளை எழுது. வீட்டுக்காரர் பெயர், ஊர், ஆழம், எந்த அடியில் தண்ணீர் கண்டாய். முதல் கிணற்றிலிருந்து வரிசையாக வேண்டும். பத்து எழுதியதும் அனுப்பு, பிறகு அடுத்த பத்து. சோம்பல் எழுத்தை ஏற்க மாட்டேன், திருப்பி இறக்குவேன்.

இருபத்தெட்டு அடி.

ரத்னபாய்


கிணற்றுக்குள்ளிருந்து
(மேலே வந்தது மாலை 5.45. ர.)

முதல் கிணறு ஊரம்புல, தங்கையன் வீடு, நாப்பத்தொண்ணு அடி, முப்பத்தாறுல தண்ணி. அண்ணைக்கு இறங்கும்போது மூத்திரம் போயிட்டேன், ஒருத்தருக்கும் தெரியாது. காரக்கோணம், ஒரு டாக்டர் வீடு, இருபத்தெட்டு. கொல்லங்கோடு கோயிலுக்குப் பக்கத்துல, பதினஞ்சுலயே தண்ணி, உப்பு. அமரவிளை, பேரு மறந்து போச்சு, மீன் கறியும் மரச்சீனியும் தந்தாங்க, நல்ல கறி. வெள்ளறடையில பாறை, ஒம்பது நாள் வெடி வச்சோம், தண்ணி இல்ல, அந்த ஆளு எங்களுக்க முன்னால இருந்து அழுதாரு. பூவாறுல மணல், உறை இறக்க இறக்க கீழ போவுது. அதுக்குப் பெறவு ஒரு டீச்சர். ஏழாவது வரல்ல. ஏழாவது எது. எனக்க அம்மைக்க வீட்டுக் கிணறு, அது கணக்குல உண்டா

மேல மழை பெய்யுதா. சேடி நனைஞ்ச மணம் வருது

அம்மா நான் மேல வாறேன்னு ஜெஸ்னாகிட்ட


14 மே, மாலை 6.00

சஜு,

ஆறு கிணறு வந்திருக்கிறது. ஆறு பத்து ஆகாது. உன் அம்மா வீட்டுக் கிணறு கணக்கில் உண்டு. அதோடு ஏழு. எட்டாவதை எழுது.

மழை பெய்தது உண்மை. கால் மணி நேரம் பெய்து நின்றது. தார்ப்பாயில் தேங்கியதை ஜெஸ்னாவும் நானும் வாளியில் வாங்கி வெளியே கொட்டினோம். அவள் வாளியை மட்டும் கையில் தந்தாள். "நான் மேல வாறேன்" என்ற உன் வரியை விஜயம்மா அவளுக்கு வாசித்தார். முடிக்காத வாக்கியம் என்றும் சொன்னார். "அவன் வந்து முடிக்கட்டு" என்றாள்.

எட்டாவது கிணறு. எழுது.

ரத்னபாய்


15 மே, வியாழன், காலை 5.50

சஜு,

எட்டாவது வரவில்லை. கயிறு ஒரு தடவைதான் அசைகிறது. இருந்தாலும் இதை வாசிப்பாய் என்றே எழுதுகிறேன். விஜயம்மா பக்கத்தில் நிற்கிறார்.

நார்பர்ட் உன் மட்டத்துக்கு வந்துவிட்டான். உனக்கும் அவனுக்கும் நடுவே மூன்றடிச் சேடி. துளைக்கும்போது உன் மேற்குப் பக்கம் உடைந்து விழும். மண்சட்டி கையில் இருந்தால் தலையில் கவிழ்த்துக்கொள். இல்லாவிட்டால் இரண்டு கையும் தலைமேல். முதலில் மூன்று தட்டுத் தட்டுவான். கேட்டால் நீ ஒன்று தட்டு. கேட்கவில்லை என்றாலும் துளைப்பான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மக்கா, கடல்ல ஒருத்தன விட்டுட்டு நாங்க கரைக்கு வாறதில்ல. இது வெறும் கிணறு."

பதில் எழுத வேண்டாம். காகிதத்தைக் கீழே போட்டுவிட்டுக் குழாயை இரண்டு கையாலும் பிடி.

ரத்னபாய்


செங்கல்,
9 ஜூன் 2025

சஜு,

உன் காலில் கம்பி வைத்துவிட்டார்கள், நடப்பாய், ஆனால் முழங்கால் மடங்காது என்று அனூஜ் சொன்னான். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்தேன். வராந்தாவில் ஜெஸ்னா எழுந்து நின்று, "நீங்க போங்கம்மா. இனி வராண்டாம்" என்றாள். அவள் சொன்னது சரி. திரும்பி வந்துவிட்டேன். அதனால் தபாலில் எழுதுகிறேன்.

ஸ்டேஷனில் என் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். நீ கேட்டதையும், நான் இல்லை என்றதையும், உன் கடிதத்தில் நான் விட்ட வரிகளையும் எழுதினேன். ஷீனா குதித்தாள் என்றும் எழுதினேன். அது இந்த வழக்குக்குத் தேவையா என்று எஸ்ஐ கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

அதன்பின் அவர் உன் வாக்குமூலத்தைக் காட்டினார். பழைய கிணறு உண்டா என்று நீ என்னிடம் கேட்கவே இல்லை, கேட்காமல் இறங்கியது உன் தவறு என்று சொல்லியிருக்கிறாய். இது பொய். என் வீட்டில் ஒரு பொய் என்ன செய்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்காக இன்னொன்று வேண்டாம். யாருடைய இரக்கத்தையும் வாங்கிப் பழக்கமில்லாதவள் நான். அதை மாற்றி எழுதிக் கொடு.

ரத்னபாய்


களியக்காவிளை,
28 செப்டம்பர் 2025

அம்மா,

கடிதம் கிடைச்சு மூணு மாசம் ஆச்சு. எழுத மனசு வரல்ல.

போலீசுல சொன்னத மாத்தமாட்டேன். ஒங்களுக்காக ஒண்ணும் இல்ல. நான் கேட்டேன், அவங்க இல்லன்னு சொன்னாங்க, பெறவு உள்ளதச் சொன்னதுக்குக் கேசு வந்துதுன்னு ஊரு முழுக்கத் தெரிஞ்சா, நாளைக்கு எந்த வீட்டுலயும் ஒருத்தரும் உண்டுன்னு சொல்லமாட்டாங்க. கேசுக்குப் பயந்து வாயத் திறக்கமாட்டாங்க. கிணத்துல கெடக்கியது நாங்க ஆக்கும்.

ஜெஸ்னா ஒங்க பேரக் கேட்டா எழும்பிப் போயிருவா. எனக்கும் ஒங்களப் பொறுத்தாச்சுன்னு எழுத முடியல்ல. கிழக்கே மிஷினு ஓடின ரெண்டு மணிக்கூறு ராத்திரியில இப்பவும் எனக்க நெஞ்சுல ஓடுது. ஆனா பாட்டில் இறங்கி வரும்போது அதுல ஒங்க எழுத்து இருக்கணும்னு பாத்துகிட்டு நின்னதும் நான்தான். ரெண்டும் உண்டு.

இனி நான் இறங்க முடியாது. அனூஜ் இறங்குதான், நான் மேல நின்னு கயிறு பிடிக்கியேன். போன வாரம் திருப்புறத்துல ஒரு வேலை. வீட்டுக்கார அம்மைக்கு அறுபது வயசு இருக்கும். பக்கத்துல பழைய கிணறு, குழி வல்லதும் மூடினது உண்டாம்மான்னு கேட்டேன். கேட்டு முடிக்குமுன்ன இல்லன்னாங்க. ஒங்கள மாதிரியே, கண்ணு இமைக்காம.

அனூஜ் கயிற இடுப்புல கட்டிட்டு நின்னான். எலே, கயிற அவிழுன்னேன். "பைய யோசிச்சுச் சொல்லுங்கம்மா, எங்களுக்கு அவசரம் இல்ல" அப்பிடின்னு சொல்லிட்டு, மடங்காத கால நீட்டி அவங்க முற்றத்துல இருந்தேன். அவங்க உள்ள போனாங்க. பாத்திரம் கழுவுத சத்தம் கேட்டுது, பெறவு அதும் நின்னுது. அனூஜ் ரெண்டு பீடி குடிச்சான்.

அரை மணிக்கூறு ஆயிருக்கும். அவங்க வெளிய வந்தாங்க. மாட்டுத் தொழுத்துக்குப் பின்னால கையக் காட்டினாங்க.

நாங்க இறங்கல்ல.

சஜு